பால் ஆறிப்போச்சு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. மாமியாரிடமிருந்து சுட்டது. ஆதா மார்க்கொவ்னா என்று பெயர். மாஸ்கோவில் ஒரு படக் கம்பெனியில் காலம் முழுக்கப் பின்னணிக் குரல் கொடுத்தவர். இப்போது ஓய்வுபெற்ற நடிகர்களுக்கான விடுதியில் இருக்கிறார். ஞாயிறுதோறும் கறுப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு போவேன். பக்கத்து அறையில்தான் கதாநாயகி இருக்கிறாள். (கதாநாயகி என்பதால் 'அவள்'. மாமியார் 'அவர்'. நான் வீட்டில் குடியிருக்க வேண்டுமே.) ஆகவே நான் நடுநிலைக்காரன் இல்லை, தெரிந்துகொண்டு படியுங்கள்.

2

முதல் தொடக்கம்: பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், புகழ்பெற்ற நடிகை…

வேண்டாம். ரஷ்யா என்றால் பனி கொட்டியே தீர வேண்டுமா?

இரண்டாவது: கொஸ்த்ரொமா நகர நாடக நடிகை நினேல் பங்க்ராத்தொவ்னா, இருபத்து மூன்று வயதில் ஒரே ஒரு படத்தில் நடித்து நாடு முழுக்கப் பேர் வாங்கினாள். இது நிற்கும். ஆனால் படத்தில் கேட்பது அவள் குரல் இல்லை.

எல்லாம் ஓர் எழுத்தால் வந்த வினை. அவள் வோல்காக் கரைக்காரி. மாஸ்கோ வாய் 'அ' என்று விழுங்குகிற இடத்தில் அந்தப் பக்கத்து வாய் 'ஒ' என்று உருட்டும். அவள் ஊரையே இங்கே கஸ்த்ரமா என்பார்கள். பாலுக்கு இங்கே மலகோ, அங்கே மொலொகோ. படத்திலோ அவள் மாஸ்கோப் பேராசிரியர் வீட்டுப் பெண். இயக்குநர் முகத்தை வைத்துக்கொண்டு குரலை வெட்டி எறிந்தார். வெட்டிய இடத்தில் ஆதாவை ஒட்டினார். எழுத்துப் போடும்போது ஆதாவின் பெயரைப் போடவில்லை.

படத்தின் முடிவில், போரிலிருந்து திரும்பாதவனுக்காக எடுத்துவைத்த கோப்பையைப் பார்த்து அவள் சொல்வாள்: "பால் ஆறிப்போச்சு." நாடே அழுதது.

3

அவளை எந்தத் தமிழில் பேச வைப்பது? முதல் பிரதியில் நெல்லைத் தமிழ் கொடுத்தேன். வோல்காவில் தாமிரபரணி ஓட ஆரம்பித்துவிட்டது. அடித்தேன். அடுத்த பிரதியில் ஊர்பேர் தெரியாத சினிமாத் தமிழ் கொடுத்தேன். பிறகுதான் உறைத்தது: அந்த இயக்குநர் செய்ததையே நானும் செய்கிறேன். வெட்கமாக இருந்தது. வேறு வழி தெரியாமல் அதையே வைத்துக்கொண்டேன்.*

* ஆதாவிடம் சொன்னேன். "கடைசில நீங்களும் நம்ம தொழிலுக்கே வந்துட்டீங்களா மாப்பிள்ளே" என்றார்.

4

இந்த வசந்தத்தில் படக் கம்பெனி அந்தப் பழைய படத்தைத் துடைத்துப் புதுப்பித்தது. இசை தனி நாடாவில் இருந்ததால் குரலை மட்டும் மாற்ற முடியும்; நினேல் விரும்பினால் சொந்தக் குரலில் மறுபடி பேசலாம் என்றார்கள். அவள் வாழ்நாளெல்லாம் கேட்டது இதைத்தான். அவள் பேசினால் ஆதா காணாமல் போய்விடுவார். ஆதாவுக்கு அந்தப் படத்தில் முகமும் இல்லை, பெயரும் இல்லை. இருப்பது குரல் ஒன்றுதான்.

[இங்கே பெரிய சண்டை எழுதினேன். ஒரு தேநீர்க் கோப்பைகூட உடைந்தது. நீக்கிவிட்டேன்.]

நடந்தது இவ்வளவுதான். நினேல் ஆதாவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"என் வாயிலேர்ந்து இறங்குடி, ஆதா. இருந்தது போதும்."

"இறங்கறேன். ஆனா கூட வருவேன். தனியா விட்டா வழி தெரியாம முழிப்பே."

5

நான்தான் இருவரையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் காரில் கூட்டிப்போனேன். இருட்டறைத் திரையில் இளம் நினேல். எதிரே ஹெட்போன் மாட்டிய கிழவி நினேல். அந்த வரி வந்தது. வாயைத் திறந்தாள்.

மலகோ என்று வந்தது. அச்சு அசல் ஆதா.

மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் அதேதான். இத்தனை வருஷமாகக் கடையிலும் ரயிலிலும் பார்த்தவர்களெல்லாம் அந்த வரியைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள், படத்தில் வந்த குரலில். சொன்னாள். மேடையிலும் அப்படியே பேசினாள், கைதட்டல் விழுந்தது. அவளுடைய 'ஒ' எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதாள். "என் குரல் எப்படி இருந்துச்சுன்னே எனக்கு ஞாபகம் இல்லையே, ஆதா."

ஆதாவுக்கு ஞாபகம் இருந்தது. உதட்டசைவுக்குப் பொருத்திப் பேசுவதற்காக, படப்பிடிப்பில் பதிந்த நினேலின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டவர் அவர். அந்த நாடா எப்போதோ அழிந்துவிட்டது. ஆதா எழுந்து போய், மைக்குக்கு முன்னால் நினேலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அந்த வரியைச் சொன்னார். மொலொகோ. பேசியது என் மாமியார் இல்லை, கொஸ்த்ரொமாவின் ஒரு சின்னப்பெண்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் நினேல்.

6

முடிவுகள். ஆதாவிடம் பாடம் கேட்டு நினேலே பேசலாம். அல்லது ஆதா பேசியதையே பதியலாம். அது நினேலின் குரல், ஆனால் நினேல் பேசியதில்லை. அல்லது பழையதை அப்படியே விட்டுவிட்டு இருவரும் விடுதிக்குத் திரும்பி…

பதியலாமா என்று ஒலிப்பதிவுப் பையன்கள் கேட்டார்கள். கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசியது யார் என்று எனக்குத் தெரியும். எழுதித் தொலையுங்கள் என்கிறாள் மனைவி. மாட்டேன். எழுதினால் தமிழில் எழுத வேண்டும். 'பால்' என்ற சொல்லில் அவளுடைய 'ஒ'வும் இல்லை, இவருடைய 'அ'வும் இல்லை. மூன்றாவதாக ஒரு குரலை அந்த வாயில் திணிக்க எனக்கு மனசு வரவில்லை.

சிவப்பு விளக்கு எரிகிறது. திரையில் அவள் கோப்பையைப் பார்க்கிறாள், வாயைத் திறக்கிறாள்.

"                                "

மனசுக்குள் நீங்களே சொல்லிவிட்டீர்கள், இல்லையா? அது யார் குரல்?