லைனில் படிக்கக்கூடாத புத்தகம்

எர்ணாவூரில் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டிய டிரெய்லர் யார்டில், கேட்டுக்குப் பக்கத்துத் தகரக் கூண்டில் உட்கார்ந்து டோக்கன் போடுகிறவள் டெபோரா. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் வண்டிகள் அவளிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே வரிசையில் நிற்கும். கூப்பிடக் கூப்பிடப் பத்தடி இருபதடியாக நகர்ந்து கடைசியில் வெளியே போகும். நாலு மணி நேரத்தில் போனவனும் உண்டு, மூன்றாம் நாள் போனவனும் உண்டு. யார்டு நிறைந்துவிட்டால் வரிசையின் வால் ரோட்டில் கிடக்கும்.

வண்டிக்குள் இருக்கிறவன் தூங்கவும் முடியாது, இறங்கிப் போகவும் முடியாது. போனில் டேட்டா தீர்ந்ததும் பக்கத்து வண்டிக்காரனிடம் சண்டை இழுப்பான். இதை ஆறு வருஷம் பார்த்த பிறகு டெபோரா கூண்டின் பின்சுவரில் ஓர் இரும்பு ஷெல்ப் போட்டாள். திருவொற்றியூர் பழைய பேப்பர் கடையில் கட்டுக்கட்டாக வந்து விழுகிறவற்றில் பக்கம் போகாத புத்தகங்களாகப் பொறுக்கிக் கொண்டுவந்து அடுக்கினாள். டோக்கனோடு ஒரு புத்தகம். வெளியே போகும்போது கூண்டில் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

சும்மா கொடுத்தால் எவனும் தொடமாட்டான் என்பது முதல் வாரமே தெரிந்துபோயிற்று. "எக்கா, இது இன்னா புக்கு? நல்லாகீதா?" என்று கேட்டார்கள். நல்லாயிருக்கிறது என்று சொல்ல அவள் முதலில் படித்தாக வேண்டும். படித்தாள். கடைசிப் பக்கம் வரை தான் படிக்காத எதையும் ஷெல்பில் வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். ராயபுரத்தில் மூட்டை தூக்கிய இன்னாசியின் மகள் அவள். எடை தெரியாமல் அடுத்தவன் முதுகில் எதையும் ஏற்றக் கூடாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. படித்து முடித்ததும் முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி பேனாவால் மூன்று நாலு வரி எழுதுவாள்.

ஒரு பேய்க்கதையில் இப்படி இருந்தது: 'பேய் ரெண்டாம் பக்கத்துலயே மூஞ்சியைக் காட்டிடுது. அப்பால இன்னாத்துக்கு பயம்? கடைசில வர்ற கிணறு மட்டும் நல்லாகீது.'

ராஜா கதை ஒன்றில்: 'முதல் நாப்பது பக்கம் ராஜா குளிச்சு, அலங்காரம் பண்ணிகினு உக்காந்துகீறாரு. தாண்டிப் போ. சண்டை ஆரம்பிச்சா எழுதினவருக்கு கை சும்மா நிக்கல.'

வானத்தைப் பற்றிய புத்தகத்தில்: 'நிலா எவ்ளோ தூரம்னு போட்டுகீது. நான் கணக்குப் போட்டேன். இங்கேர்ந்து நிலாவுக்கு லைன் கட்டினா ரெண்டு கோடியே நாப்பது லட்சம் டிரெய்லர் நிக்கும். நம்ம லைன் ஒண்ணுமே இல்ல.'

வாழ்க்கையில் முன்னேறச் சொல்லும் புத்தகத்தில்: 'காலைல அஞ்சு மணிக்கு எழுந்திரின்றாரு. ஒனக்கு எப்போ படுத்தேன்னே தெரியாது. திருப்பி வை.' அப்படித் திருப்பி வைக்கச் சொன்ன புத்தகத்தையும் ஷெல்பில் வைத்திருந்தாள். எது உதவாது என்றும் தெரிய வேண்டாமா?

சமையல், காதல், கடல் நண்டுகள், பொதுமருத்துவம் என்று ஷெல்பில் அறுபத்து மூன்று புத்தகங்கள் சேர்ந்தன. வள்ளூரிலிருந்தும் அத்திப்பட்டிலிருந்தும் வருகிற டிரைவர்கள் டோக்கனுக்குக் கை நீட்டும்போதே, "இன்னிக்கு இன்னா பட்க்கலாம்?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள்.

வம்பு பொன்ராஜால் வந்தது. முப்பது வயது, சிவப்பு வண்டி, கொலைக் கதை என்றால் சோறு வேண்டாம். டெபோரா கொடுத்த ஒரு துப்பறியும் நாவலில் மூழ்கிக் கிடந்தவன் முன்னால் லைன் நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. ஆறு வண்டி இடம் காலியாகிவிட்டது. பக்கத்தில் காத்திருந்த மூன்று டிரெய்லர்கள் குறுக்கே புகுந்தன. பின்னால் நின்றவர்கள் இறங்கி வந்து பொன்ராஜை வெளியே இழுத்துப் போட்டு மொத்தினார்கள். வண்டிக் கண்ணாடி இரண்டும் போயிற்று. யார்டு இரண்டு மணி நேரம் நின்றது.

சூப்பர்வைசர் கிருஷ்ணப்பன் கூண்டுக்கு வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. லைன் நின்றால் மேலேயிருந்து அவருக்கு விழும், அவ்வளவுதான்.

"இன்னாம்மா, இது யார்டா லைப்ரரியா? இன்னொரு வாட்டி புக்கால லைன் நின்னுச்சு, இந்த ஷெல்பு ஒரு நிமிசம் இங்க இருக்காது."

"இன்னொரு வாட்டி நிக்காது சார்."

"எப்டி சொல்ற?"

"தப்பு புக்குல இல்ல, நான் எழுதின சீட்டுல கீது. அத்த சரி பண்றேன்."

அவர் போனதும் பொன்ராஜ் வந்து ஜன்னலில் தலையை நீட்டினான். உதடு வீங்கியிருந்தது. "எக்கா, இன்னும் இருவது பக்கம்தான். கொன்னது டாக்டரா கம்பவுண்டரா, அத்த மட்டும் சொல்லிடு."

"மூஞ்சி இட்லி மாரி வீங்கிகினு கீது, இவனுக்கு கம்பவுண்டர் கவல. போய் ஐஸ் வைடா மொதல்ல."

ஆனால் அவன் கேட்டதில்தான் விஷயம் இருந்தது. கதை நன்றாயிருக்கிறதா என்று எழுதினாளே தவிர, கையிலிருந்து கீழே வைக்க முடியுமா என்று எழுதவில்லை. நாற்காலியில் சாய்ந்து படிக்கிறவனுக்கு அது வேண்டாம். பதினாலு சக்கரத்தை நகர்த்த வேண்டியவனுக்கு அதுதான் முதலில் வேண்டும்.

அறுபத்து மூன்றையும் மறுபடி படித்தாள். வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று படித்தாள். பால் பொங்கி வழிந்தால் அந்தப் புத்தகம் லைனுக்கு ஆகாது. மூன்று வாரம் இந்தச் சோதனை நடந்தது. "ஒன் படிப்புக்கு ஆவின்காரன்தான் மாலை போடணும்" என்றான் அவள் புருஷன் ஜெரி, அடுப்பைத் துடைத்துக்கொண்டே. கொலைக் கதைகள் அத்தனையிலும் பால் போயிற்று. ராஜா கதையில் ஒரு தடவை. ஆச்சரியமாக, நண்டுப் புத்தகத்திலும் போயிற்று. பால் வழிந்தவற்றுக்குச் சிவப்பு டேப் ஒட்டினாள்: வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க. வழியாதவற்றுக்கு நீல டேப்: லைனில் படிக்க.

கவிதைப் புத்தகம் ஒன்று இருந்தது. அறுபத்து நாலு பக்கம், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒன்று படித்தாள், பாலைப் பார்த்தாள். இன்னொன்று படித்தாள், பாலைப் பார்த்தாள். சொட்டு வழியவில்லை. நீல டேப் ஒட்டி எழுதினாள்: 'கவிதை. சின்னச் சின்னதா கீது. படி, மூடு, வண்டியை எடு.'

ஒன்றரை மாதம் லைன் ஒழுங்காகப் போயிற்று. கிருஷ்ணப்பன் கூண்டைத் தாண்டும்போது ஷெல்பை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போவார்.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு ஸ்டானிஸ்லாஸ் டோக்கன் வாங்கினார். ஐம்பத்தெட்டு வயது, ராயபுரத்துக்காரர், டெபோராவின் தேவாலயம்தான் அவருக்கும். "கண்ணு வலிக்குதும்மா, சின்னதா எதுனா குடு" என்றார். கவிதையை எடுத்துக் கொடுத்தாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். ஹாரன் ஒன்று அடித்தது, பிறகு பத்து. டெபோரா எட்டிப் பார்த்தாள். ஸ்டானிஸ்லாஸின் வண்டிக்கு முன்னால் தரை காலியாகக் கிடந்தது. அதில் இரண்டு வண்டிகள் ஏற்கெனவே மூக்கை நுழைத்திருந்தன. பின்னால் நின்ற அத்தாவுல்லா கதவைத் திறந்து தொங்கிக்கொண்டு, "யோவ் மாமு, உயிரோட கீறியா?" என்று கத்தினான்.

டெபோரா ஓடினாள். படியில் கால் வைத்து ஏறிக் கதவைத் தட்டினாள். ஸ்டானிஸ்லாஸ் ஸ்டியரிங்கின்மேல் புத்தகத்தை விரித்து வைத்து, ஒரு பக்கத்தில் விரலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது.

"ஸ்டானியண்ணே! லைன் போய்டுச்சு. எடு வண்டிய!"

"இதுல ஒரு ஆளு தன் வூட்டு வாசல்ல நின்னுகினு பெல்லு அடிக்கிறான், டெபோரா" என்றார் அவர், ஏதோ டீசல் கணக்கு சொல்வதுபோல. "அவ்ளோதான் கவிதை. அஞ்சு வரி. நானும் அப்டிதான் அடிக்கிறேன். இதோ அர மணி நேரத்துல கீது வூடு, போயி பதினோரு நாளாச்சு. போன வாட்டி பேரப்புள்ள வந்து கதவத் தொறந்துட்டு, 'யாரு வேணும்'னு கேட்டுச்சு."

டெபோராவுக்கு அந்தக் கவிதை ஞாபகம் இருந்தது. படித்து முடித்துப் பாலைப் பார்த்த கவிதை. அவள் தினமும் ஆறரை மணிக்கு வீட்டுக்குப் போகிறவள். பால் எப்படி வழியும்?

வண்டியை நகர்த்த வைத்து இறங்கியபோது கிருஷ்ணப்பன் வந்துகொண்டிருந்தார். ஸ்டானிஸ்லாஸ் ஜன்னல் வழியே குனிந்து மெல்லச் சொன்னார்: "நான் தூங்கிட்டேன்னு சொல்லிடும்மா. ஷெல்பு தப்பிச்சுடும்."

"ஏற்கெனவே ரெண்டு வாட்டி தூங்கினேன்னு ஒங்க கம்பெனிக்கு மெசேஜ் போயிகீது. மூணாவது போனா சாவிய வாங்கிகினு அனுப்பிடுவானுங்க. தெரியும்ல?"

"தெரியும். அதுக்கு இன்னா இப்போ?"

"அதுக்கு வாய மூடிகினு உக்காரு."

கிருஷ்ணப்பன் மெசேஜ் போடப் போனைக் கையில் எடுத்திருந்தார். "பெருசு தூங்கிட்டாரா?"

"இல்ல சார். படிச்சுகினு இருந்தாரு."

"கொலைக் கதையா? அத்த லைன்ல தரமாட்டேன்னியே!"

"கவிதை சார்."

கிருஷ்ணப்பன் போனைத் தாழ்த்தினார். "கவிதையா? கவிதை பட்ச்சுட்டா ஒருத்தன் வண்டிய நிறுத்துவான்? யாரை டபாய்க்கிற?"

"நிறுத்திட்டாரே. நீங்களே பாக்குறீங்க. நான்தான் நீல டேப்பு ஒட்டிக் குடுத்தேன், படிச்சு மூடிட்டு வண்டிய எடுக்கலாம்னு எழுதினேன். அவரு என் பேச்ச நம்பினாரு. தப்பு என்து."

அத்தாவுல்லா பின்னாலிருந்து, "சார், ஒன்னியும் ஆவல, வுட்ருங்க. நானே ஹாரன் அடிச்சு எழுப்பிட்டேன்" என்றான். "எழுப்ப அவரு தூங்கலடா" என்றாள் டெபோரா, திரும்பாமலே.

கிருஷ்ணப்பன் மூச்சை விட்டார். "நான் சொன்னது சொன்னதுதாம்மா. யார்டு உள்ள புக்கு வேணாம். சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடு."

"உள்ளதானே வேணாம்?"

"உள்ளதான்."

"வெளிய ரோட்ல லைன் நிக்குது. அது ஒங்க கேட்டுக்கு அந்தாண்ட. என் சாப்பாட்டு நேரம் ஒரு மணிலேர்ந்து ஒன்னேமுக்கால். அதுல நான் இன்னா பண்ணாலும் ஒங்களுக்குக் கேள்வி கீதா?"

அவர் கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தார். "வண்டி ஏத்திடப் போறானுங்க, ஓரமா நட" என்று சொல்லிவிட்டு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். மெசேஜ் போகவில்லை.

சாயங்காலம் ஜெரி டிவிஎஸ்ஸில் வந்து நாலு நடையாகப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோனான். ஷெல்பைக் கேன்டீனுக்கு எடுத்துக்கொண்டார்கள், தட்டு அடுக்க. அன்றிரவு டெபோரா கவிதைப் புத்தகத்திலிருந்த சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். நாலு தடவை அடித்தாள். கதையைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது. தான் படித்தபோது ஒன்றும் நடக்காத புத்தகம் இன்னொருத்தனை என்ன செய்யும் என்று எழுதுவதற்குத்தான் கை ஓடவில்லை. நீல டேப்பை உரித்துச் சிவப்பு ஒட்டினாள். கொஞ்சம் யோசித்து, மற்ற நீல டேப்புகள் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்தாள். சமையல் புத்தகம்கூட, வீட்டுச் சாப்பாடு பார்த்துப் பத்து நாளானவனை என்ன செய்யும்?

மறுநாள் ஒரு மணிக்கு இரண்டு ஒயர் கூடைகளில் புத்தகங்களோடு கேட்டைத் தாண்டி வெளியே வந்தாள். வெயில் தாரை உருக்கியது. முதல் வண்டியில் இருந்தவன் எண்ணூர்க்காரன், அவளுக்குப் புது முகம்.

"இன்னாக்கா, சுண்டலா?"

"புக்கு. வூட்டுக்குப் போயி எத்தினி நாளாச்சு?"

"இன்னாத்துக்கு அது ஒனக்கு?"

"அத்த வெச்சுதான் குடுக்கணும். சொல்லு."

"நேத்துதான் போனேன். பொண்டாட்டியாண்ட சண்ட. கௌம்பி வந்துட்டேன்."

டெபோரா கூடைக்குள் கை விட்டுக் காதல் கதையைத் தொட்டாள், விட்டாள். வானத்துப் புத்தகத்தை எடுத்தாள். "இத்தப் புடி. நிலா, நட்சத்திரம். எங்க தொறந்தாலும் படிக்கலாம். மனுசங்களே இதுல கெடையாது."

அவன் வாங்கிப் புரட்டினான். அவன் கண் கூடையில் மேலாக இருந்த மெல்லிசுப் புத்தகத்துக்குப் போயிற்று. "அது இன்னா, சின்னதாகீதே? அத்தக் குடேன், சட்டுனு முடிச்சுடலாம்."

"கவிதை. அது லைனுக்கு ஆவாது. வேணும்னா எடுத்துகினு போ. ஆனா ஹார்பருக்குப் போயி பெட்டிய எறக்கி, வண்டிய ஓரம் கட்டி, சாவிய எடுத்துட்டு அப்பால தொற. ஒரு பக்கத்துக்கு மேல படிக்காத."

"மிரட்டுற?"

"நேத்து இது ஒரு ஆளை நிறுத்திட்டு வந்துகீது. சொல்றது என் வேல."

அவன் சிரித்துக்கொண்டே அதையும் வாங்கி, திறக்காமல், கண்ணாடியோரத்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினான். முன்னால் லைன் நகர்ந்தது. அவன் வானத்துப் புத்தகத்தைக் குப்புற வைத்துவிட்டு உடனே கியர் போட்டான்.

டெபோரா வரிசையின் வாலைப் பார்த்தாள். வளைவு வரைக்கும் இருபத்திரண்டு வண்டிகள். சாப்பாட்டு நேரத்தில் இன்னும் முப்பத்தேழு நிமிஷம் இருந்தது, டிபன் பாக்ஸ் கூண்டிலேயே கிடந்தது. கூடைகளைக் கை மாற்றிக்கொண்டு அடுத்த வண்டியின் படியில் காலை வைத்தாள்.