நேச நாட்டானைப் பற்றி ஓர் அறிக்கை

1

இந்தக் கதை திருட்டுச் சொத்து. எங்கள் ஊரான பொல்தாவாவில் பல் ஆஸ்பத்திரி வரிசையில், எனக்கு முன்னால் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த அம்மாள், "கொழுக்கட்டை குடுத்ததுக்கு எங்க அத்தைய விசாரிச்சாங்க, தெரியுமா?" என்றாள். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 1944ஆம் ஆண்டு, பொது எதிரியை வீழ்த்த இரு பெரும் வல்லரசுகள் கைகோத்து— (வேண்டாம், பள்ளிக்கூடப் பாடம்.)

இரண்டாவது: ஜூன் மாதம் எங்கள் ஊர் விமானத்தளத்தில் அமெரிக்க விமானங்கள் இறங்கின. ஒவ்வொன்றுக்கும் ஓர் அமெரிக்க மெக்கானிக், அவனுக்கு உதவியாக நம் ஆட்கள். வெண்டல் என்பவனுக்கு வாய்த்தவள் அந்த அத்தை, மோத்ரியா. பாஷை தெரியாததால் விரலை நீட்டியே வேலை நடந்தது. விருந்தாளிகளை நன்றாகக் கவனியுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. உத்தரவென்றால் மோத்ரியாவுக்கு உத்தரவுதான். ஒரு சட்டி நிறைய செர்ரிப்பழக் கொழுக்கட்டை செய்து கொண்டுபோய் வைத்தாள்.

(அவளுக்கு அவன்மேல் காதல் என்றுதான் முதலில் எழுதினேன். "ஒரு ஆம்பளைக்கு சோறு போட்டா உடனே காதலா?" என்று அவளே என்னை முறைப்பதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன்.)

3

ஆகஸ்டில், எதிரியின் பிடியிலிருந்த வார்சா கிளர்ந்தெழுந்து எரிந்தது. அங்கே உதவிப் பொருள் போடும் விமானங்கள் பொல்தாவாவில் இறங்கலாமா என்று அமெரிக்க நண்பர் கேட்டார்; கூடாது என்றது நம் மேலிடம். எதிரி பின்வாங்கப் பின்வாங்க, நண்பர்களுக்கு ஒருவரையொருவர் உற்றுப் பார்க்க நேரம் கிடைத்துவிடுகிறது போலும். இது எனக்குத் தீராத ஆச்சரியம். (கட்டுரை போதும்.)

செப்டம்பரில் பாதுகாப்பு அதிகாரி கேப்டன் லெவாதா மோத்ரியாவைக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. அந்த அமெரிக்கன்கிட்ட என்னென்ன பேசுனே, எழுது."

"எதுவும் பேசலையே, தோழரே. அவன் பாஷை எனக்கெங்க தெரியும்?"

"மூணு மாசமா ஊமை நாடகமா ஆடுனீங்க?"

"எண்ணெய் ஒழுகுனா விரலால காட்டுவான். அவ்ளோதான்."

"கொழுக்கட்டை?"

"நீங்கதான கவனிக்கச் சொன்னீங்க! நீங்களும் நாலு சாப்டீங்களே!"

லெவாதாவின் காது சிவந்தது. "அது ஜூன்ல," என்றார். "அவன் வேவு பாத்தான்னு ஒரு வரி எழுது, நாளைக்கும் வேலைக்கு வரலாம். இல்லேன்னா அவனுக்கு நீ உடந்தைன்னு மேல எழுதுவாங்க. அப்புறம் நீ எங்க போவேன்னு நான் சொல்லணுமா?"

4

மோத்ரியா எழுதினாள்.

வெண்டல் நல்ல மெக்கா— (அடித்தாள். புகழக் கூடாது.)

வெண்டல் சோம்பே— (அடித்தாள். பொய்.)

வெண்டல் எங்கள் ஓடுபாதையைப் பார்— (பார்க்காமல் எப்படி வேலை செய்வான்?)

அவளும் நானும் ஒரே தொழில்தான் செய்கிறோம். ஆனால் நான் தப்பாக எழுதினால் யாரும் என்னைச் சைபீரியாவுக்கு அனுப்பமாட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5

இரண்டு முடிவுகள் கைவசம் உண்டு. ஒன்றில் அவள் உண்மையை எழுதுகிறாள். அவள் வீட்டு அடுப்பு பத்து வருஷம் எரியவில்லை. மற்றதில் அந்த வரியை எழுதித் தருகிறாள். எதுவும் தெரியாத வெண்டல் ஊர் திரும்பி, பொல்தாவாப் பெண்ணின் நல்ல மனசைப் பற்றிக் கிழவனாகும்வரை சொல்லிக்கொண்டிருக்கிறான். எதை வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது வெண்டல் வெளியே நிற்கிறான். ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துவிட்டு, இஞ்சின் தயார், வா என்று கையாட்டுகிறான்.

"பாத்தியா, சைகை காட்டுறான்," என்கிறார் லெவாதா. "அதுக்கு என்ன அர்த்தம்னு எழுது."

பேனாவை உங்களிடம் தருகிறேன். எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: நீங்களும் நாளைக்கு வேலைக்கு வரவேண்டும்.