பூட்டுவதற்கு முன்

கிழக்கு வெளுக்கும்போதே எங்களுக்குக் கண் எரிய ஆரம்பித்துவிடும். வற்றல் மிளகாயைச் சாக்கில் கொட்டிக் காலால் மிதித்து இறுக்கினால் கிளம்புகிற தூசி மூக்கில் ஏறும், தொண்டையில் இறங்கும், ரவிக்கைக்குள் புகுந்து வீடுவரை வரும். வீட்டில் பிள்ளையைத் தூக்கினால் பிள்ளையும் அழும். நான் சாக்கு வாய் தைக்கிறவள். கோணி ஊசி என் விரலைக் குத்தாத நாள் கிடையாது. நான் தைத்த மூட்டையை என் தம்பி நெட்டையன் முதுகில் வாங்கிப் பலகைமேல் ஓடி, லாரியின் மேல் நிற்கும் கண்டெய்னருக்குள் அடுக்குவான். நாங்கள் அதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். வெயில் ஏறிவிட்டால் உள்ளே நிற்கிறவன் வெந்துபோவான்.

நெட்டையனுக்கு ஜோடி கட்டையன். "மேல அடுக்க ஒருத்தன், கீழ அடுக்க ஒருத்தன். ஆண்டவனே வேலையப் பிரிச்சுக் குடுத்துட்டான், கூலியத்தான் மறந்துட்டான்" என்பான் கட்டையன்.

இந்த ஏற்றுமதிக் கம்பெனி தொடங்கியபோது முதலாளி, முதலாளியாக இல்லை. வேறொரு கம்பெனியில் குமாஸ்தா. எந்த நாட்டில் யார் மிளகாய் வாங்குகிறான் என்று தெரியும், கையில் காசுதான் இல்லை. எப்படியோ லைசென்ஸ் வாங்கினார், ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தார், எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அக்கா, முதல் பெட்டி கப்பலேறட்டும். இது நம்ம கம்பெனி" என்றார். கூலி கேட்காமல் அடுக்கிக் கொடுத்தோம். அவரும் சட்டையைக் கழற்றிவிட்டு மூட்டை தூக்கினார். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே தூக்கினார்.

அந்த முதல் பெட்டியில்தான் அது நடந்தது. மூட்டைகளுக்கும் கூரைக்கும் நடுவே தவழ்ந்துபோய், கடைசி மூலையில் பூச்சி மருந்துப் பொட்டலம் வைத்துக்கொண்டிருந்தார். ஆள் உள்ளே இருப்பது தெரியாமல் நாங்கள் கதவைச் சாத்திவிட்டோம். தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால், நனைந்த கோழிபோல வெளியே விழுந்து குழந்தையாக அழுதார். அன்றைக்கு அவர் வாயாலேதான் அந்த விதி பிறந்தது. பூட்டுவதற்கு முன் மிளகாய் சலிக்கிற மிஷின்களையெல்லாம் நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து மூன்று முறை தட்டிவிட்டு, கதவில் காதை வைக்க வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்குத் தட்டுவான். சத்தமே வராவிட்டால்தான் பூட்டு.

ஆறு கடக்கிறவரைக்கும் அண்ணன் தம்பி. அவர் கடந்துவிட்டார். ஏற்றுமதியோடு இறக்குமதியும் சேர்ந்தது, கொட்டகை கிடங்காயிற்று, அக்கா 'ஏம்மா' ஆனாள். வெளிநாட்டுக்காரன் விலையைக் குறைத்துவிட்டான் என்று எங்கள் கூலியைக் குறைத்தார். போன மாதம் தட்டுகிற வழக்கத்தையும் நிறுத்தினார். "கப்பல் உங்களுக்காக நிக்காது. தட்டுறது, கேக்குறதுன்னு நாடகம் போடாதீங்க." நாங்கள் முணுமுணுத்தோம். முணுமுணுத்ததோடு சரி.

அன்று காலையில் மேஸ்திரி அவசரப்பட்டான். மிஷின்கள் காதைப் பிளந்துகொண்டிருக்க, கதவை அறைந்து சாத்தினான். ஆபீசர் கொடுத்த முத்திரைச் சீலை மாட்டினான். பேப்பர் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. லாரியைத் தட்டி "கிளப்பு" என்றான். கொஞ்ச நேரம் உறுமிவிட்டு லாரி நகர்ந்தது. அது நின்ற இடத்தில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. பெட்டிக்குள் வெறுங்காலோடுதான் ஏறுவோம். நீளமான செருப்பு, குதிகால் தேய்ந்தது. என் தம்பியின் செருப்பு. மருந்துப் பொட்டலம் வைக்க உள்ளே போனவன் இறங்கவே இல்லை.

எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. லாரிக்கு முன்னால் போய் நின்றேன். பம்பர் என் தோளில் இடித்து மண்ணில் உருட்டியது. டிரைவர் பிரேக் போட்டுக் குதித்தான்.

"உள்ள ஆள் இருக்குடா! என் தம்பி இருக்கான்!"

மேஸ்திரி என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். "சீல உடைச்சா மறுபடியும் ஆபீசர் வரணும், கப்பல் போயிரும். முதலாளியக் கேக்காம எவனும் கை வைக்கக் கூடாது!"

கட்டையன் கடப்பாரையோடு வந்தான். மேஸ்திரி அவன் முகத்தில் குத்தினான். ஒரு பல் மண்ணில் விழுந்தது. கட்டையன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, கடப்பாரையை ஓங்கிச் சீலின்மேல் இறக்கினான்.

கதவு திறந்ததும் நெட்டையன் மூட்டைகளுக்கு மேலிருந்து தலைகுப்புற எங்கள்மேல் விழுந்தான். கதவின் உட்புறமெல்லாம் ரத்தக் கோடுகள். விரல்களில் நகம் இல்லை. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. உடம்பெல்லாம் மருந்து நாற்றம். மூச்சு, மரம் அறுக்கிற சத்தத்தோடு வந்தது. பக்கத்துக் கிடங்கு வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். தம்பி பெண்டாட்டியை அவன் தலைமாட்டில் உட்கார வைத்துவிட்டு நான் கிடங்குக்குத் திரும்பினேன்.

முதலாளி முற்றத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் இரும்புக் குழாயோடு நாலைந்து தடியன்கள். பக்கத்தில் இன்னொரு லாரிமேல் காலிப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"ஏம்மா, குடிச்சுட்டு உள்ள படுத்துத் தூங்குனவனுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"அவன் வாய மோந்து பாத்தீங்களா? உங்க மருந்து வாடதான் வந்திருக்கும்."

"சரி, ஆஸ்பத்திரிச் செலவ நான் பாத்துக்கறேன். இந்தப் பெட்டி இன்னைக்குப் போயாகணும். ஏத்தச் சொல்லு."

"மிஷின நிறுத்தி, தட்டிப் பாத்துட்டுத்தான் இனிமே பூட்டுவேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. சொல்லாம ஒரு மூட்ட ஏறாது."

"யாருகிட்ட சட்டம் பேசுற?"

"உங்க சட்டந்தான் முதலாளி. நீங்க அழுதுக்கிட்டே சொன்னது."

கட்டையன் பல் போன வாயால் சிரித்துவிட்டான். முதலாளியின் முகம் கறுத்தது. "அடிங்கடா!"

முதல் அடி கட்டையன் கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மிளகாய்க் காம்பு கிள்ளுகிற பெண்களைக் கூந்தலைப் பிடித்துத் தரையில் இழுத்தார்கள். ஒருத்தியின் நெற்றி பிளந்தது. குழாய் பட்டு மூட்டைகள் கிழிந்து மிளகாய் சரிந்தது. மிதிபட மிதிபடத் தூசி எழும்பிற்று. தடியன்கள் கண்ணைக் கசக்கினார்கள், குனிந்து குனிந்து இருமினார்கள். காரம் அவர்களுக்குப் புதிது. நாங்கள் அதைத் தின்று வளர்ந்தவர்கள்.

"எல்லாரும் காலிப் பெட்டிக்குள்ள ஏறுங்க!" என்று கத்தினேன். "ஆள் இருக்கிற பெட்டியில எப்படிச் சரக்கு ஏத்துறான்னு பாப்போம்!"

ஏறினோம். கை முறிந்தவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டார்கள். நெற்றி பிளந்தவள் முந்தானையைக் கட்டிக்கொண்டு தானே ஏறினாள்.

"பூட்டுடா!" என்று முதலாளியின் குரல் வந்தது. "வெந்து சாகட்டும்!"

மேஸ்திரி தயங்கியதைப் பார்த்தேன். பிறகு கதவு சாத்திக்கொண்டது. கும்மிருட்டு. இரும்பு கொதித்தது. யாரோ விசும்பினார்கள். எனக்கும் பயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். என் தம்பி இதே இருட்டில் கூப்பிட்டிருப்பான், நான் மிஷின் பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்திருப்பேன் என்று நினைத்தபோது பயம் போய்விட்டது.

"நெட்டையன் வரட்டும், சொல்றேன்" என்று வலியோடு முனகினான் கட்டையன். "நான் மேல அடுக்குற காலமும் வந்துருச்சு. ஆளுங்க மேலதான் கெடக்கேன்."

இருட்டுக்குள் சிரிப்பு கிளம்பியது. முதலில் நான் சுவரை உதைத்தேன். பிறகு எல்லாரும் உதைத்தோம். வெளியே மிஷின்களை மறுபடி ஓடவிட்டார்கள், அவை எங்கள் சத்தத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. தொண்டை வறண்டது. மூச்சு சுருங்கியது. ஒருத்தி என் தோளில் சாய்ந்தாள். நான் உதைப்பதை நிறுத்தவில்லை.

திடீரென்று ஒரு மிஷின் நின்றது. அடுத்தது நின்றது. எல்லாம் நின்றுபோன அமைதியில், முற்றம் நிறையக் காலடிச் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லாரும் உள்ளே இருக்கிறோம். வெளியே இவ்வளவு பேர் யார்?

"யாருடா உங்கள உள்ள விட்டது? இது என் கிடங்கு!" முதலாளி கத்தினார்.

"பக்கத்துக் கிடங்கு ஆளுங்கள நாந்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றது காலையில் பிரேக் போட்ட டிரைவரின் குரல். "இனிமே இந்தத் தெருவுல தட்டாம பூட்டுன பெட்டிய எவனும் இழுக்க மாட்டான்."

ஏதோ இரும்பு கீழே விழுந்தது. யாரோ அடிபட்டு அலறினான். சண்டை நடக்கிறது, யார் கை ஓங்குகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கதவும் திறக்கவில்லை.

அப்போது கதவில், மெதுவாக, ஒவ்வொன்றாக, மூன்று முறை தட்டினார்கள்.

நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து பதிலுக்குத் தட்டினோம்.