பிணைக் கையெழுத்தும் ஒரு போத்தல் தண்ணீரும்

1.

அன்று சிங்கப்பூர் ஜாலான் புசார் வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: மாசிலாமணி, அவர் மனைவி சுசீலா, தம்பி மகள் இனியா, கீழ் வீட்டு ஏரம்பமூர்த்தி. ஐந்தாவதாக யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லித் திரிபவர்களால்தான் இந்தக் கதையை எழுத வேண்டியதாயிற்று.

(மாசிலாமணி நான்தான். ஆனால் குடும்ப விஷயத்தில் ‘நான், நான்’ என்று முன்னால் நிற்பது மரியாதையில்லை. பெரியப்பா என்றே எழுதுகிறேன்.)

2.

முதல் தொடக்கம்: வானம் இருண்டிருந்தது. இனியாவின் கண்களில்...

வேண்டாம். அன்று நல்ல வெயில். இனியாவின் கண்கள் கைப்பேசியில் இருந்தன.

இரண்டாம் தொடக்கம்: சுற்றுச்சூழல் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய, உபகாரச் சம்பளத்தோடு இனியாவுக்கு இடம் கிடைத்திருந்தது. மாலை ஐந்து மணிக்குள் பெரியப்பா பிணைக் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால் இடம் போய்விடும். சாட்சிக்கு ஏரம்பமூர்த்தி. அதற்குள் கோயில், கல்யாணம், சலூன் என்று எல்லா இடத்திலும் “எங்க வீட்டுப் பிள்ளை டாக்டராகப் போறா” என்று பெரியப்பா சொல்லி வைத்திருந்தார். பேனாவைத் திறந்த பிறகுதான் ஆய்வு எதைப் பற்றி என்று கேட்டார்.

“கழிவுநீர், பெரியப்பா.”

“என்ன கழிவு?”

“எல்லாம்தான். டாய்லட்டும் சேர்த்து.”

பேனாவை மூடினார்.

3.

“மூணு தலைமுறையா நம்ம குடும்பம்...”

(இந்த வாக்கியத்தைப் பெரியப்பா அன்று முடிக்கவில்லை. இன்றும் எப்படி முடிப்பதென்று தெரியவில்லை.)

இனியா பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். “நான் வேலை பார்க்கிற பிளான்ட்ல கழிவுநீரச் சுத்தம் பண்ணது. டெஸ்ட் பண்ணியாச்சு, குடிக்கலாம் லா.”

“எடு அத!”

“மணி நாலு ஐம்பது, பெரியப்பா.”

“அவருக்குத் தண்ணி பயமில்ல. சலூன்காரர் என்ன சொல்வாரோன்னுதான் பயம்” என்றாள் சுசீலா.

ஏரம்பமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். “டாக்டர் எண்டு சொல்லித் திரிஞ்சீங்கள்! கக்கூஸ் டாக்டரோ?”

4.

இங்கிருந்து கதை எப்படியும் போகலாம். பெரியப்பா மனம் உருகி அழலாம். எங்கள் குடும்பத்தில் அழுவதில்லை; அந்த வரியை அடித்துவிட்டேன். இனியா நீளமாகப் பேசி அவரைத் திருத்தலாம். அதற்கு நான் இடம் கொடுப்பதாயில்லை. முடிவை வாசகரிடமே விடலாம் என்றால், வாசகர் அன்று வீட்டில் இல்லை.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேலி செய்ய எங்களுக்கு மட்டுமே உரிமை. பெரியப்பா பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார். தாளை ஏரம்பமூர்த்தி பக்கம் தள்ளினார்.

“ஆமா, கக்கூஸ் டாக்டர்தான். சாட்சி போடுங்க. முழுப் பேரும் போடுங்க!”

நாலு ஐம்பத்தேழுக்கு இனியா அனுப்பிவிட்டாள்.

5.

அந்தப் போத்தல் தண்ணீரைக் குடித்துப் பார்த்து நம்பிக்கை வந்த பிறகுதான் பெரியப்பா கையெழுத்திட்டார் என்று ஊரின் கிழக்குக் கோடி தெம்பனிஸ் வரை பேச்சு.

தவறு. முதலில் கையெழுத்திட்டேன். குடித்தது அதற்குப் பிறகு.