காப்புக்காட்டுக் கீரை

என் புருஷன் ஜும்பேரை ஊரே நல்லவன் என்கிறது. ஊருக்கென்ன, அவர்களா அவனோடு குடும்பம் நடத்துகிறார்கள்? காப்புக்காட்டில் இருபது வருஷமாக வனக்காவலன். அங்கிருந்து ஒரு காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பூட்ஸில் ஒட்டிய சேற்றைக்கூட ஓடையிலேயே கழுவி விட்டுவிட்டு வருகிற ஆள்.

நான் பதினோரு வருஷம் ஜார்ஜியாவை விட்டு கிரீஸில் இருந்தேன். தெசலோனிகியில் படுக்கையோடு கிடந்த கிழவிகளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தூங்கவைத்தேன். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் பிழைப்பு அதுதான். போன இலையுதிர்காலத்தில் ஜும்பேர் போன் செய்தான். காப்புக்காட்டுக்குள் ஒரே ஒரு நடைபாதையைத் திறக்கப்போகிறார்களாம். ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு மேல் கிடையாது. வழிகாட்ட ஊர்க்காரர்கள், தங்க ஊர்க்காரர்களின் வீடுகள்.

"மாடியில ரெண்டு ரூம் சும்மாதானே கெடக்கு, லமாரா. உன் சமையல ஒரு தடவ சாப்பிட்டவன் ஊருக்குத் திரும்பிப் போவானா?" என்றான்.

மறுவாரமே வந்துவிட்டேன். பாதை திறந்து விருந்தாளிகள் வந்தால் நான் இங்கே இருப்பேன். இல்லாவிட்டால் மறுபடியும் கிழவிகள்தான். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஊரில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். காட்டிலிருந்து ஒரு இலையைக்கூட எடுப்பதில்லை, எடுத்தவர் பெயரைக் காவலர் எழுதிக்கொள்வார். ஒரு குளிர்காலம் முழுக்க அப்படி நடந்து காட்டினால், மே மாதம் தலைநகர் டிபிலிசியிலிருந்து கதுனா அம்மா என்ற அதிகாரி வந்து பார்த்து முடிவு சொல்வார்.

அவருக்கு மதிய விருந்து எங்கள் வீட்டில். இரண்டு நாள் முன்னால் அவரே போனில் கேட்டார்: "காட்டுப் பூண்டுக் கீரை கிடைக்குமா? எங்கம்மா வால்நட் அரைச்சுப் போட்டுப் பிசைஞ்சு தருவாங்க. சாப்பிட்டு எத்தனையோ வருஷமாச்சு."

ஒரு ஜார்ஜியப் பெண்ணிடம் விருந்தாளி வாய்விட்டுக் கேட்டுவிட்டால் அப்புறம் அவளுக்கு ஏது தூக்கம்? ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த கீரையை மாடும் மனிதர்களுமாகத் தின்று தீர்த்திருந்தார்கள். அந்தப் பக்கம், காப்புக்காட்டில், முழங்கால் உயரத்துக்கு, உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. விருந்தாளியை அழைத்துவர ஜும்பேர் காலையில் கிளம்பினான். நான் ஓடையைத் தாண்டினேன். ஒரு மடி கீரை, அவ்வளவுதான். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

விருந்து களைகட்டியது. பக்கத்து வீட்டு வாஜா கோப்பையைத் தூக்கித் தூக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். கதுனா அம்மா கண்ணை மூடிக்கொண்டு கீரையைச் சாப்பிட்டார், இன்னொரு தட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் ஜும்பேர், பரிமாறும் தட்டில் அலங்காரத்துக்கு நான் வைத்திருந்த உள்ளங்கை அகல முழு இலை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். என் கொழுப்பு, அதையா அங்கே வைப்பேன்!

தன் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். பிறகு கேட்டான்.

"லமாரா, கீரை எங்க பறிச்ச?"

"பக்கத்துலதான்."

"எந்தப் பக்கத்துல?"

"யோவ், சாப்பிடுற எடத்துல விசாரணையா?" என்றான் வாஜா. "கோப்பையத் தூக்குய்யா."

"ஓடைக்கு அந்தப் பக்கமா?"

"ஆமாய்யா, அந்தப் பக்கந்தான்! விருந்தாளி ஆசப்பட்டாங்க, பறிச்சேன். என்னத் தூக்குல போடு!"

கதுனா அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, நான் கேட்டிருக்கவே கூடாது. ஒரு பிடி கீரைதானே, விடுங்க ஜும்பேர்."

"விட முடியாதும்மா. வாஜாவோட மச்சான் ஒரு கட்டு வெறகு எடுத்தாரு, எழுதினேன். இன்னைக்கு என் பொண்டாட்டிய விட்டுட்டா அந்த மனுஷன் மூஞ்சில நாளைக்கு எப்படி முழிப்பேன்?"

உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தான்.

"பேரு?"

"இருபத்தாறு வருஷமா தெரியாமயா என்கூடக் குடும்பம் நடத்துன?"

"கேட்டுத்தான் எழுதணும், லமாரா."

"எழுது! லமாரா, ஜும்பேருன்னு ஒரு மடையனுக்கு வாக்கப்பட்டவன்னு எழுது!"

வாஜா சிரித்துவிட்டான். ஜும்பேர் சிரிக்கவில்லை. கதுனா அம்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்து, தான் இரண்டு தட்டு சாப்பிட்டதை எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போட்டார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. தவறு செய்தவர்களை ஊரே மறைக்காமல் எழுதியிருப்பதால் பாதையைத் திறக்கலாம். எழுதப்பட்டவர்கள் மட்டும் ஒரு வருஷத்துக்கு விருந்தாளிகளைத் தங்கவைக்கவோ, அவர்களுக்குச் சமைக்கவோ, வழிகாட்டவோ கூடாது. வாஜா ஓடிவந்து ஜும்பேரின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். ஆறு வீட்டில் விருந்தாளிகள் இறங்கினார்கள். எங்கள் மாடியில் விரித்த புது விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

தெசலோனிகியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு கிழவிக்கு ஆள் வேண்டுமாம், அன்றைக்கே பதில் சொல்ல வேண்டுமாம். பெட்டியைக் கட்டிலில் வைத்து அடுக்க ஆரம்பித்தேன். வேண்டுமென்றே சத்தமாக அடுக்கினேன். ஜும்பேர் வாசற்படியில் வந்து நின்றான்.

"போகாத, லமாரா."

என் கை நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "நல்லாப் போர்த்திக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் இவன். என்னை விட்டு இருக்கப் பழகிவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். அதை நினைத்து அங்கே எத்தனை நாள் அழுதிருக்கிறேன்.

"இத்தன வருஷம் இந்த வாய் எங்கய்யா போச்சு?"

"அப்ப நீ வீட்டுக்காகப் போன. தடுக்க எனக்கு ஏது மூஞ்சி? இப்ப உன்ன அனுப்புறது என் கையெழுத்து." தரையைப் பார்த்தே பேசினான். "நீ இல்லாத வீட்டுக்கு வர முடியலடி. அந்தப் பதினோரு வருஷமும் பாதி நாள் காட்டுல காவல் குடிசையிலதான் படுத்துக் கெடந்தேன். ஊர்ல கடமைன்னு நெனச்சாங்க."

நான் போனை எடுத்து, கிரேக்க மொழியில் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்தேன்.

"என்ன சொன்ன?" என்றான்.

"வேற ஆளப் பாருங்கன்னு சொன்னேன். கெழங்கும் சோள ரொட்டியும்தான் இனிமே. மூணு வேளையும். வாயத் தொறக்கக் கூடாது."

அவன் கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் பெட்டியைக் கீழே தள்ளிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கோபம் தீரவில்லை. அதை இனி இவன் பக்கத்தில் இருந்துகொண்டே படலாம்.