கூரையில் விழும் ராஜா

மாப்பிள்ளை என்னை அந்தப் பழைய தலைநகரத்தைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டபோதே தெரிந்துவிட்டது, இது ஊர் பார்க்கிற வேலை இல்லை என்று. என் மகள் இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. அன்று முதல் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். இத்தனை நாளில் தெருமுனை டீக்கடைக்குக்கூட அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.

"விஷயத்தச் சொல்லிட்டுக் கூப்பிடுங்க" என்றேன்.

சொன்னார். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிக்கிற பெண். நல்ல குணமாம். யாருக்குத்தான் கல்யாணத்துக்கு முன்னால் நல்ல குணம் இல்லை? அவளும் நம்மோடு ஊர் பார்க்க வருவாள், பிள்ளைகள் பழகிப் பார்க்கட்டும் என்றார்.

"அதுங்க சரின்னாதான் மாமா. வேணாம்னுட்டா அதோட விட்டுடுவேன். சத்தியமா."

"சரின்னுட்டா?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "அவங்க கடைப் பக்கமா வேற வீடு பாக்கணும். பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"அப்ப நானும் வரேன்" என்றேன். பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்வதைக் கண்ணால் பார்க்கத்தான் போனேன். தானாகச் சொல்லாவிட்டால் சொல்ல வைக்கலாம் என்றும் நினைத்திருந்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். ஏறுகிறவன் முகத்தைப் பார்த்தாலே இவன் டிக்கெட் வாங்குவானா, தூங்குகிற மாதிரி நடிப்பானா என்று சொல்லிவிடுவேன். ரயிலில் அவளைப் பார்த்தேன். தடிமனான கண்ணாடி, சிரித்த முகம். வழி முழுக்க எல்லோருக்கும் பிஸ்கட் நீட்டிக்கொண்டே வந்தாள். இப்படிச் சிரித்துக்கொண்டே ஏறுகிற ஆள்தான் கடைசியில் நேற்றைய டிக்கெட்டை நீட்டும்.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. என் மகள் இடத்துக்கு வருகிறவள், முறைப்படி பார்த்தால் 'அப்பா' என்றுதான் வரும். ஒரு தடவை அதற்கு வாயெடுத்தாள். நான் இருமினேன். அதற்குப் பிறகு 'இங்க பாருங்க' என்றே ஓட்டினாள்.

அவள் கை கழுவப் போன நேரத்தில், "சோடாபுட்டி பிஸ்கட் குடுத்தா வாங்கித் தின்னுடறதா?" என்று பிள்ளைகளைக் கேட்டேன். பெரியவள் சிரித்தாள். நாலாம் வகுப்பு படிக்கிறாள், வாய் அதிகம். சின்னவன் சிரிக்கவில்லை. அவன் இரண்டாம் வகுப்பு. அந்தப் பட்டப்பெயர் நான் அவளுக்கென்று புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. பக்கத்து வீட்டு வாத்தியார், தபால்காரர், டிவியில் செய்தி வாசிக்கிறவர், கண்ணாடி போட்ட எல்லோரும் எங்கள் வீட்டில் சோடாபுட்டிதான்.

முதல் நாள் மணிக்கூண்டு, கோட்டை வாசல், ஆற்றுப் பாலம். அந்த ஊரில் எதைப் பார்த்தாலும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். கட்டினவன் எல்லோரும் ராஜா, பார்க்கிறவன் எல்லோரும் கூலிக்காரன் என்கிற மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். சோடாபுட்டி ஒவ்வொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டினாள். மணிக்கூண்டில் மணி அடிக்கும்போது ஒரு பொம்மைச் சிப்பாய் வெளியே வந்து சலாம் போட்டுவிட்டு உள்ளே போவான். சனம் கைதட்டியது.

"எப்படி இருந்துச்சு?" என்று சின்னவனைக் கேட்டாள்.

"பசிக்குது."

எனக்குத் திருப்தியாக இருந்தது. கோட்டைக்குப் போனால் கால் வலிக்கிறது என்றான், பாலத்துக்குப் போனால் எப்போது ஊருக்குப் போவோம் என்றான். மாப்பிள்ளை முகம் தொங்கிப்போனது. லாட்ஜில் நான் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்தேன். ஒன்று நம்ம கட்சி. இன்னொன்றும் வந்துவிடும்.

மறுநாள் காலை அரண்மனை. வழிகாட்டி ஒருவன் மூங்கில் குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு கூட்டத்தை மேய்த்தான். தர்பார் மண்டபத்தின் கூரை முழுக்கச் சித்திரம். வேட்டை, யானை, கூடாரம், சமையல்கூட இருந்தது.

"எல்லாரும் அந்த மூலையப் பாருங்க" என்றான். "ராஜா குதிரையில இருந்து விழறாரு. முன்னூறு வருஷமா விழுந்துகிட்டே இருக்காரு, இன்னும் தரைக்கு வந்து சேரல. பக்கத்துல மந்திரி வாயப் பொத்திகிட்டு சிரிக்கறாரு பாருங்க. அவரு வேலை என்னாச்சுன்னு மட்டும் கேக்காதீங்க."

கூட்டம் சிரித்தது. பெரியவள் தம்பியின் காதில் ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சின்னவன் சிரித்தான். அக்கா கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சோடாபுட்டி கூரையைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முற்றத்துக்கு வந்ததும் மாப்பிள்ளை பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனார். இவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இங்க பாருங்க. தம்பிக்குத் தூரப் பார்வை இல்லன்னு நினைக்கறேன். ஒரு பத்தடிக்கு அந்தாண்ட எல்லாமே மங்கலாத்தான் தெரியும் போல."

"அவன் நல்லாத்தான் இருக்கான்."

"நேத்தே சந்தேகமா இருந்துச்சு. இன்னிக்கு நிச்சயம். அக்கா சொன்ன பிறகுதான் சிரிக்கறான்."

"அத எங்கிட்ட எதுக்குச் சொல்ற? உன் ஆளுகிட்டச் சொல்றது."

"நான் சொன்னா, வந்த ரெண்டாம் நாளே பிள்ளை வளர்ப்புல குத்தம் கண்டுபிடிச்சதா ஆயிடும். உங்களுக்கும் சங்கடம். நீங்களே கவனிச்ச மாதிரி சொல்லிடுங்க. என் பேரு வேணாம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் தூணோரமாக நின்று யோசித்தேன். கேட்காமலே கூடுதலாகக் காசு கொடுக்கிற பயணியை நான் நம்பியதே இல்லை. அவன் ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிறான் என்று அர்த்தம். இவளுக்கு இதில் என்ன லாபம்? எனக்குப் பிடிபடவில்லை. முதலில் சரக்கு உண்மையா என்று பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

கோட்டைச் சுவர் மேல் பீரங்கி வைத்திருந்த இடத்துக்கு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போனேன். கீழே ஒரு வாசல்.

"டேய், அந்த வாசல்ல நிக்கறது சிலையா, காவக்காரனா?"

அவன் கீழே பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள் விரல் தாடைக்குப் போகத் தொடங்கியது. ஜாடை. செக்கர் வருகிறான் என்று பின்சீட்டுக்குத் தகவல் போவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! இதுங்க எனக்கேவா?

"நீ போய் அப்பாகிட்ட தண்ணி பாட்டில் வாங்கிட்டு வா" என்று ஜாடை முடிவதற்குள் அவளை அனுப்பினேன். தயங்கித் தயங்கிப் போனாள்.

"இப்பச் சொல்லு."

சின்னவன் கண்ணை இடுக்கினான். "சிலை."

சிலை கொட்டாவி விட்டது. பிறகு செருப்பைக் கழற்றி உள்ளே இருந்த கல்லை உதறிவிட்டு நடந்து போனது. அவன் இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, "பெரிய சிலை தாத்தா" என்றான்.

மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். தட்டு வருவதற்குள் சொல்லிவிட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"சின்னவனுக்கு எட்டத்துல இருக்கறது தெரியல, மாப்பிள்ளை. இவங்கதான் கண்டுபிடிச்சாங்க. நான் கண்டுபிடிக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். அது நன்றி சொல்கிற பார்வை இல்லை.

"என்ன மாமா சொல்றீங்க?" என்று மாப்பிள்ளை எழுந்தேவிட்டார். அதற்குள் சின்னவன் கத்தினான்.

"எனக்கு எல்லாம் தெரியுது! நான் ஒண்ணும் சோடாபுட்டி இல்ல!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை உட்கார்ந்தார். சின்னவன் மேசையில் முகத்தை வைத்து அழுதான். பெரியவள் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் பொதுவாக முறைத்தாள்.

"நான்தான் அவனுக்கு எல்லாம் சொல்றேன்ல? இன்டர்வெல்ல அவன் கிளாசுக்குப் போயி போர்டுல இருக்கறதெல்லாம் எழுதித் தரேன். பஸ் நம்பர்கூட நான்தான் பாப்பேன். எதுக்கு இப்ப அவன அழ வெக்கறீங்க?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றார் மாப்பிள்ளை.

"சொன்னா கண்ணாடி போட்டுவிடுவீங்க. அப்புறம் வீட்ல கேலி பண்ணுவாங்க."

"வீட்ல யாரு கேலி பண்ணப் போறா?"

 அழுதுகொண்டே சின்னவன் என் பக்கம் விரலை நீட்டினான்.

"ஆமா, நான்தான் அப்படிச் சொல்றது" என்றேன். சொன்னதை இல்லை என்று சொல்லிப் பழக்கம் இல்லை.

 சோடாபுட்டிதான் முதலில் பேசினாள். தன் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தபடி, "என்னை எங்க ஸ்கூல்ல என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமா? தவளை" என்றாள்.

சின்னவன் ஒரு கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தான். "ஏன்?"

"பாரு." கண்ணாடி இல்லாமல் கண்ணை உருட்டினாள். தவளை மாதிரிதான் இருந்தது. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான்.

"தவளையே பரவால்ல" என்றான்.

சாப்பிட்டதும் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றைத் தேடிப் பிடித்தாள். ஒரு ஆள் அகலத்துக்கு நீளமாக உள்ளே போகிற கடை. கடைசியில் எழுத்துப் பலகை. கடைக்காரர் சின்னவன் முகத்தில் இரும்புச் சட்டம் ஒன்றை மாட்டி, வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருகினார். இது தெளிவா, முன்னால வெச்சது தெளிவா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு விலையில் உச்சத்தில் இருந்த கண்ணாடிகளை எடுத்துப் பரப்பினார். கீறல் விழாதாம், தண்ணீர் ஒட்டாதாம், கம்ப்யூட்டர் வெளிச்சம் உள்ளே வராதாம்.

"அண்ணே, நானும் இதே பொழப்புதான்" என்றாள் இவள்.

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பரப்பினதை எல்லாம் ஒரே கையால் வாரி உள்ளே போட்டுவிட்டு, "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்று டீக்குச் சொல்லி அனுப்பினார்.

"இது இப்போதைக்குத்தான்" என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். "ஊருக்குப் போனதும் கண் டாக்டர்கிட்ட சொட்டு மருந்து விட்டு முழுசாப் பாத்துடணும்."

பிறகு என்னிடம் வந்தாள். "என் பேரு வேணாம்னு சொன்னேனே."

"நான் பாக்காதத பாத்தேன்னு எப்படிச் சொல்றது?"

"பிள்ளை அழுதுட்டான்ல?"

"அழுதான். இப்ப நின்னுடுச்சு."

அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

கண்ணாடி தயாராகிற வரைக்கும் எனக்கு அந்தக் கடைக்குள் மூச்சு முட்டியது. தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். கடைசியில் சின்னவன் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியோடு வாசலுக்கு வந்தான். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"அக்கா! தாத்தா அங்கருந்து முறைக்கறது இங்கருந்தே தெரியுது!"

"அவரு எப்பவுமே அப்படித்தான்டா இருப்பாரு" என்றாள் பெரியவள்.

"எப்பவுமேவா?"

அதற்குள் அரண்மனையை மூடிவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை ரயில். கூரையில் ராஜா விழுவதை அவன் பார்க்கவில்லை.

லாட்ஜுக்குத் திரும்ப பஸ் ஏறினோம். மாப்பிள்ளையும் அவளும் முன்னால், பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால். எனக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. சின்னவன் கண்ணில் பட்ட பலகையை எல்லாம் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தான். பல் ஆஸ்பத்திரி, பழைய இரும்புக் கடை, இங்கே குப்பை கொட்டாதீர். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்த நேரத்தில் மாப்பிள்ளை பின்னால் திரும்பிப் பிள்ளைகளிடம் கேட்டார். கேட்க வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. வார்த்தை என் காதில் விழவில்லை. ஆனால் என்ன கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

சின்னவன் ஜன்னலை விட்டுத் திரும்பாமலே, "சரிப்பா" என்று கத்தினான். அடுத்த பலகைக்குப் போய்விட்டான்.

 பெரியவள் எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து, ஆடுகிற பஸ்ஸில் என்னிடம் வந்தாள்.

"தாத்தா, நான் வேணாம்னு சொன்னா நடக்காதுல்ல?"

"நடக்காது."

"நீ என்ன சொல்ற?"

இதற்காகத்தான் நான் ரயில் ஏறினேன். ஒரு வார்த்தை போதும். அவளும் அந்த வார்த்தையைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தாள் என்று தோன்றியது.

"எத்தன நாளா அவனுக்கு எழுதிக் குடுத்துகிட்டிருந்த?"

"போன வருஷத்துல இருந்து."

"தினமுமா?"

"ம். இன்டர்வெல்ல நான் விளையாடப் போனதே இல்ல."

இதே பிள்ளை தினமும் சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து பால் குடித்துவிட்டுத்தான் மாடிக்குப் போகும். அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"இனிமே அவ பாத்துக்குவா" என்றேன். "போய்ச் சரின்னு சொல்லு."

"அப்ப நீ?"

"எனக்கென்ன? மாடிய வாடகைக்கு விடுவேன். சத்தம் இல்லாத ஆளாப் பாத்து."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பின மாதிரி தெரியவில்லை. நான் வெளியே பார்த்தேன்.

"பாப்பா, ஓடற பஸ்ல நிக்காத, போய் உக்காரு" என்று அந்த பஸ்ஸின் கண்டக்டர் அதட்டினான்.

அவள் போனாள். அவள் இடத்தில் அதற்குள் ஒரு மூட்டைக்காரர் உட்கார்ந்துவிட்டார். முன்சீட்டின் பக்கம் நின்று அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையை ஆட்டி, முன்னால் பார்க்கச் சொன்னேன். சோடாபுட்டி ஜன்னலோடு ஒட்டி நகர்ந்து, நடுவில் இடம் விட்டாள். பெரியவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

இரண்டு பேர் சீட்டு அது. கண்டக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.