சத்தம் நின்ற சக்கரம்

"சத்தம் நின்னுடுச்சுங்க" என்று மனைவி சொன்னபோது அவன் நிம்மதியாகத்தான் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்காகத் தன்னையே திட்டிக்கொண்டதெல்லாம் பிறகு.

காது பரிசோதனை நிலையத்தில் அவனுக்கு வேலை. வெளிச்சத்தம் நுழையாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, ஊசி முனை மாதிரி மெல்லிய ஒலிகளை அனுப்புவான். கேட்டால் அவர்கள் பொத்தானை அமுக்க வேண்டும். நாள் முழுக்க இதே பிழைப்பு என்பதால் வீட்டுச் சத்தம் எதுவும் அவனிடமிருந்து தப்பாது. பிரிட்ஜ் முனகுகிறது என்பான். ஃபேன் இருமுகிறது என்பான். ஆள் வந்து கழற்றிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் பாம்புச்செவி.

காருக்குப் புது அலாய் சக்கரங்கள் மாட்டிக்கொடுத்தவன் மனைவியின் தம்பி. கார் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுகிற ரகம். அக்காவின் வண்டி ஜம்மென்று இருக்க வேண்டும் என்று தானே தேடி வாங்கி, தன் கையாலேயே மாட்டினான். மறுநாளே பாம்புச்செவிக்குக் கேட்டுவிட்டது. வண்டி மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கமிருந்து 'டக்... டக்'. யாரோ நாக்கை அண்ணத்தில் தட்டுவதுபோல.

"டயர்ல கல்லு மாட்டியிருக்கும் மாமா" என்றான் மைத்துனன். பார்த்தார்கள். கல் இல்லை.

"அப்போ பேலன்ஸுக்கு ஒட்டுற ஈயத்துண்டு பிரேக்ல உரசுது." விரலை விட்டுப் பார்த்தார்கள். இடைவெளி தாராளமாக இருந்தது.

"அப்போ உங்க காதுதான் மாமா. அதை ஒரு தடவ சர்வீஸுக்கு விடுங்க."

மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவனும் வாயை மூடிக்கொண்டான். அடுத்த சில நாளில் சத்தம் தானாகவே நின்றது.

இன்று காலை மனைவியும் மாமியாரும் அதே காரில் மலைமேலிருக்கிற சித்தி வீட்டுக்குப் புறப்பட்டார்கள். மனைவி ஓட்ட, மாமியார் பின் சீட்டில். மாமியாருக்குக் காது மந்தம். மருமகன் பார்த்துப் பார்த்துப் பொருத்திய காது மெஷினைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்திருப்பவள். போட்டுக்கொண்டால் ஊர் வம்பெல்லாம் கேட்கிறதாம்.

வழியனுப்பிவிட்டு, ஷெட்டைச் சுத்தம் பண்ணலாம் என்று சக்கரங்கள் வந்த அட்டைப்பெட்டியை மடக்கினான். உள்ளே கலகலவென்று ஏதோ உருண்டது. பிரிக்காத பிளாஸ்டிக் பை. பை நிறைய நட்டு.

"மச்சான், இது என்ன?"

வழியனுப்ப வந்திருந்த மைத்துனன் எட்டிப் பார்த்தான். "அதுவா, சக்கரத்தோட குடுத்த நட்டு. நான் மாட்டல."

"ஏன்?"

"கையில தூக்கிப் பாருங்க, தகரம் மாதிரி இருக்கு. நம்ம பழைய நட்டு கம்பெனி நட்டு மாமா. அக்கா ஓட்டுற வண்டிக்கு இந்தக் குப்பையையா போடுறது? மரை ஒண்ணுதான். சும்மா கிண்ணுனு ஏறிச்சு."

அவன் ஒரு நட்டை எடுத்துப் பார்த்தான். அதன் மூக்கு கூம்பாக இருந்தது. சுவரோரம் சாத்தியிருந்த பழைய இரும்புச் சக்கரத்தின் துளைக்குள் விரலை விட்டான். உள்பக்கம் கிண்ணம்போல உருண்டையாக இருந்தது.

"பழைய நட்டோட மூக்கு எப்படி இருந்துச்சு?"

"உருண்டையா..." சொல்லும்போதே மைத்துனனின் குரல் பாதியாகக் குறைந்தது.

உருண்டை நட்டு, புதுச் சக்கரத்தின் கூம்புத் துளை. முழுசாகப் பதியாது, விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். அச்சு எடுக்காமல் காதுக்குள் செருகிய மெஷின் மாதிரிதான். உட்கார்ந்திருக்கும்வரை நிற்கும், நாலு வாய் சோறு மென்றால் கழன்று மடியில் விழும். அந்த 'டக் டக்', சக்கரம் தன் இடத்தில் அசைந்த சத்தம்.

"சரி, அப்போ சத்தம் எப்படி நின்னுச்சு?"

மைத்துனன் தன் நகத்தைப் பார்த்தான். "நீங்க சொல்லிட்டே இருந்தீங்களேன்னு ஒரு நாள் கழட்டி, மரையிலயும் நட்டு மூக்குலயும் கிரீஸ் தடவி மாட்டினேன். அதோட கப்சிப்."

"கிரீஸா?"

பிடித்துக்கொண்டிருந்ததே கொஞ்சநஞ்ச உரசல்தான். அதையும் வழுக்க வைத்தாகிவிட்டது. அந்த வண்டி இப்போது மலையேறிக்கொண்டிருக்கிறது.

போன் போட்டான். போகவில்லை. மறுபடி போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல். மூன்றாம் தடவை போட்டபோது, மைத்துனன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றான். ஒருவழியாக மணி அடித்தது.

"என்னங்க?" கார் ஸ்பீக்கர் வழியே மனைவியின் குரல். "கேஸை அணைச்சேனான்னு கேக்கப் போறீங்களா?"

"வண்டிய ஓரமா நிறுத்து."

"இங்க ஏதுங்க ஓரம்? ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல. பின்னாடி லாரிக்காரன் வேற ஒட்டிக்கிட்டே வர்றான்."

"மெதுவா போ. சக்கரத்துல நட்டு மாறியிருக்கு. கழண்டுக்கும்."

"மறுபடியுமா? சத்தம் நின்னு எத்தன நாளாச்சு. தம்பிகிட்ட குடுங்க."

கொடுத்தான். மைத்துனன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். "டைட்டாத்தான்க்கா முடுக்கினேன்... மாமாதான் பயப்படுறாரு."

போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"பாத்தீங்களா? மேல போய் நிறுத்திப் பாக்குறேன், விடுங்க" என்றாள் மனைவி.

அவன் போனைக் காதோடு அழுத்தினான். சின்ன 'டக்' கிடைத்தாலும் போதும். ஆனால் போன் பேச்சையும் பக்கத்துச் சத்தத்தையும்தான் அனுப்பும், சக்கரத்தடியில் எழுகிற மெல்லிய ஒலியையெல்லாம் தின்றுவிடும். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவன் காது அவனுக்குப் பிரயோசனமில்லை. வண்டிக்குள்ளே இருப்பவர்களில் ஒருத்தி நம்ப மாட்டாள், இன்னொருத்திக்குக் கேட்காது.

கேட்காது.

காதே கேட்காதவர்கள்கூட, பரிசோதனை அறையில் கனத்த தாழ்ந்த ஒலியை அனுப்பினால் பொத்தானை அமுக்குவார்கள். எலும்பில் அதிர்வதைச் சொல்வார்கள்.

"அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலைக் கீழ வைக்கச் சொல்லு. ஏதாவது தெரியுதான்னு கேளு. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கல."

மனைவி பெருமூச்சு விட்டாள். பிறகு கத்தினாள். "அம்மா, செருப்பைக் கழட்டிட்டுக் காலைக் கீழ வைம்மா. உன் மாப்பிள்ளை கேக்குறார், ஏதாவது தெரியுதா?"

"ஏன் கத்துறே, நான் என்ன செவிடா?" மாமியாரின் குரல் மூலையிலிருந்து வந்தது. "செருப்பு எப்பவோ கழட்டியாச்சு. இடது குதிகால்ல குறுகுறுங்குது. கீழே இருந்தப்போ லேசாத்தான் இருந்துச்சு, இப்போ பல்லு வரைக்கும் வருது. ரோடு படு மோசம்னு நினைச்சேன்."



"அம்மா" என்றாள் மனைவி. அவள் குரல் மெலிந்திருந்தது. "ரோடு புதுசும்மா. நேத்துதான் போட்ட மாதிரி இருக்கு."

இண்டிகேட்டரின் டிக் டிக் கேட்டது. லாரியின் நீண்ட ஹாரன், யாரோ திட்டிக்கொண்டே கடந்துபோவது, ஹேண்ட் பிரேக், கதவு. பிறகு வெறும் காற்று. அவன் ஷெட் சுவரில் சாய்ந்து நின்றான். கையிலிருந்த நட்டு உள்ளங்கையில் பதிந்துகொண்டிருந்தது.

"என்னங்க."

"சொல்லு."

"பின்னாடி இடது சக்கரம். குனிஞ்சு பாத்தேன். ஒரு நட்டைக் காணோம். இன்னொண்ணு... ஸ்பேனரே இல்லாம என் கையோட வருது."

"கையை எடு. அம்மாவைக் கூட்டிக்கிட்டுத் தள்ளிப் போய் நில்லு. வந்துட்டோம்."

நட்டுப் பையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மைத்துனனின் பைக்கில் ஏறினான். மலையடிவாரத்தில் மைத்துனன் வேகத்தைக் குறைத்தான். பிறகு, "மாமா, போன்ல நான்..." என்றான்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

வளைவில் கார் பாறையோடு ஒண்டி நின்றது. மாமியார் ஒரு கல்லின்மேல் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. காலுக்கு எப்போ மெஷின் மாட்டிவிடப் போறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. மனைவி தம்பியைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவன் அடி வாங்கியவன்போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஜாக்கியைப் போட்டான்.

அந்தச் சக்கரத்தின் துளைகள் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தன. அதைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியைப் போட்டார்கள். அது பழைய இரும்புச் சக்கரம், உருண்டை நட்டு கச்சிதமாகப் பதிந்தது. மற்ற மூன்றிலும் கிரீஸைத் துணியால் வழித்தெடுத்து, பிளாஸ்டிக் பையிலிருந்த கூம்பு நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார்கள். மைத்துனன் முடுக்கியதை அவன் முடுக்கிப் பார்த்தான். அவன் முடுக்கியதை மனைவி முடுக்கிப் பார்த்தாள்.

சித்தி வீடு இன்னொரு நாளைக்கு என்றானது. வண்டி திரும்பி மெல்ல இறங்கியது. மைத்துனன் பைக்கில் பின்னாலேயே வந்தான். யாரும் ரேடியோவைத் தொடவில்லை. அவன் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங் பிடித்திருந்த மனைவியோ ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடிக்குள் மாமியார், இரண்டு வெறுங்கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு, பொத்தான் அமுக்கக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.